வடசென்னையில் பூத்த மரங்களைத் தேடிப் படமெடுக்க: முழுமையான வழிகாட்டி

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கேமராவோடு பூங்காவுக்கு வந்து, நிமிர்ந்து பார்த்தபடியே ஒரு சுற்று நடந்துவிட்டு, "இங்கே ஒன்றும் பூக்கவில்லையே" என்று திரும்பிப் போகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பூ நான்கு நாள் முன்பே உதிர்ந்திருக்கும். அல்லது அடுத்த தெருவில் பூத்திருக்கும். அல்லது அவர்கள் தலைக்கு மேலேயே இருந்தும் அந்த வெயிலில் கண்ணுக்குத் தட்டுப்பட்டிருக்காது.

கேமராவில் தொடங்குவதால் வரும் சிக்கல் இது. முதலில் மாதம், அப்புறம் தரை, பிறகு மரம், அதன் பிறகு வெளிச்சம், கடைசியாகக் கேமரா. இந்த வரிசையில் போனால், சாதாரண கைபேசியை வைத்துக்கொண்டே நல்ல படம் எடுக்கலாம்.

1. எந்த மரத்துக்கு எந்த மாதம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

இளவேனில் என்றால் நம் கணக்கில் சித்திரையும் வைகாசியும். ஆனால் சென்னையில் பூக்காலம் மாசியிலேயே தொடங்கிவிடும். சித்திரை வரட்டும் என்று காத்திருந்தால் பாதி மரங்களைத் தவறவிடுவீர்கள்.

மாசியில் இலை கொட்டிய மரங்களைத் தேடுங்கள். முள்ளிலவு, கல்யாண முருங்கை, இளஞ்சிவப்பு டபேபுயா மூன்றும் மொட்டைக் கிளையில் பூக்கும். இலை மறைக்காததால் தூரத்திலிருந்தே தெரியும், படத்துக்கும் எளிது. புதியவர்கள் இவற்றிலிருந்து தொடங்குவது நல்லது.

பங்குனியில் புங்கம் பளபளவென்று இளம்பச்சைத் தளிர் விட்டு, கூடவே பூக்கும். வேம்பு, இயல்வாகை, தூங்குமூஞ்சி மூன்றும் ஏறக்குறைய அதே நேரம். சித்திரையில் வாகை, பூமருது, சரக்கொன்றை. வைகாசியில் குல்மோகர் என்று நாம் சொல்லும் செம்மயிற்கொன்றை உச்சத்தில் இருக்கும். பூவரசு ஆண்டு முழுக்க அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பூத்துக்கொண்டே இருக்கும். வேறு எதுவும் கிடைக்காத நாளில் கைகொடுப்பது அதுதான்.

இதைத் தோராயமான கணக்காக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே தெருவின் இரு முனையில் நிற்கும் இரண்டு மரங்கள் இரண்டு வாரம் முன்பின்னாகப் பூப்பதை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். அதனால் ஒரு மரம் முடிந்துவிட்டது என்றால், அதே இனத்தில் இன்னொன்றைத் தேடுங்கள்.

2. புறப்படும் முன் எடுத்துவைக்க வேண்டியவை

கைபேசி போதும். கேமரா வைத்திருப்பவர்கள் தொலைவைக் கிட்டே கொண்டுவரும் லென்ஸ் ஒன்றை எடுத்து வாருங்கள், ஏனென்றால் நல்ல பூங்கொத்து எப்போதும் எட்டாத கிளையில்தான் இருக்கும்.

மெல்லிய பருத்தித் துணி ஒன்று கட்டாயம். ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர்ப் பக்கம் கடற்காற்றில் உப்பும், லாரிகள் ஓடும் சாலைகளில் தூசியும் அதிகம். லென்ஸில் மெல்லிய படலம் படிந்தால் படம் முழுக்க வெளிறிப் போகும். "என் போன் கேமரா சரியில்லை" என்று சொன்ன பலருக்கு நான் செய்த உதவி, லென்ஸைத் துடைத்துக் கொடுத்ததுதான்.

மெட்ரோவில் வருகிறவர்களுக்கு ஒரு விஷயம். வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை 2021 பிப்ரவரியில் தடம் நீண்டபிறகு தண்டையார்பேட்டை, சுங்கச்சாவடி, திருவொற்றியூர் எல்லாம் விடிகாலையில் போய் இறங்கச் சுலபமாகிவிட்டன. ஆனால் ஏசி பெட்டியிலிருந்து வெளியே வந்ததும், நம் ஊர்ப் புழுக்கத்தில் லென்ஸ் பனித்துப்போகும். உடனே எடுக்கும் படங்கள் புகைமூட்டமாக வரும். பத்து நிமிடம் சும்மா நடங்கள், தானாகத் தெளியும்.

தண்ணீர், தொப்பி, ஒரு சின்ன நோட்டு. நோட்டு எதற்கு என்று கடைசியில் சொல்கிறேன். ஸ்டாண்டு வேண்டாம். காலை வெளிச்சத்தில் அது தேவைப்படாது. அதைப் பார்த்ததும் காவலாளி கேள்வி கேட்கத் தொடங்குவார்.

3. எங்கே தேடுவது

ராயபுரத்தில் ராபின்சன் பூங்கா என்று பெரியவர்கள் சொல்லும் அறிஞர் அண்ணா பூங்கா, பெரம்பூர் முரசொலி மாறன் பூங்கா, பெரியமேடு மை லேடி பூங்கா, மாதவரம் பால்பண்ணைப் பக்கம் இருக்கும் தோட்டக்கலைத் துறையின் தாவரவியல் பூங்கா. இவற்றில் வீட்டுக்குப் பக்கத்தில் எதுவோ அதில் தொடங்குங்கள். ஒரே நாளில் நான்கையும் சுற்றாதீர்கள். பூத்த மரத்தை ஒரே வாரத்தில் இரண்டு மூன்று முறையாவது போய்ப் பார்க்க வேண்டியிருக்கும், தொலைவில் இருந்தால் நீங்கள் திரும்பப் போகமாட்டீர்கள்.

மாநகராட்சிப் பூங்காக்கள் திறந்திருக்கும் நேரம் இடத்துக்கு இடம் மாறலாம். முதல் நாள் மாலையே போய், வாசலில் எழுதியிருக்கும் நேரத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

பூங்காவோடு நிறுத்திக்கொள்ளவும் வேண்டாம். வடசென்னையின் பெரிய மரங்கள் நிறைய, பழைய பள்ளி, கல்லூரி, மருத்துவமனை வளாகங்களிலும் ரயில்வே குடியிருப்புகளிலும் நிற்கின்றன. சுற்றுச்சுவருக்கு வெளியே நீளும் கிளைகளைத் தெருவில் நின்றே எடுக்கலாம். உள்ளே போக வேண்டுமானால் அங்கே வேலை செய்பவர் அல்லது வசிப்பவர் ஒருவரோடு போங்கள். துறைமுகம், ரயில் நிலையம், மணலித் தொழிற்சாலைகள் ஆகியவற்றின் வாசலில் எவ்வளவு அழகான மரம் நின்றாலும் அனுமதி இல்லாமல் கேமராவைத் தூக்காதீர்கள்.

திருவொற்றியூர் தியாகராஜர் கோவிலின் தல மரம் மகிழம். மாசித் திருவிழாவில் மகிழடி சேவை நடப்பது அந்த மரத்தடியில்தான். கோவிலுக்குள் கைபேசியை எடுக்காதீர்கள். இருந்தாலும் ஒருமுறை போய் வாருங்கள், மகிழம்பூவின் வாசம் ஒருமுறை மனதில் பதிந்துவிட்டால் பிறகு வேறெங்கு அந்த மரம் நின்றாலும் மூக்கே கண்டுபிடித்துவிடும். பூ அவ்வளவு சின்னது. கண்ணால் தேடிக் கிடைப்பது கடினம்.

4. நிமிர்வதற்கு முன் தரையைப் பாருங்கள்

எல்லாவற்றிலும் முக்கியமான படி இதுதான். மேலே பார்த்து நடந்தால் வெயில் கண்ணைக் கூசும், இலை மறைக்கும், ஒயர் மறைக்கும். தரையில் ஒரு பூ கிடந்தால் அதற்கு நேர் மேலே மரம் இருக்கிறது.

புங்கம்பூ பொரி கொட்டியதுபோல வெள்ளையும் இளஊதாவுமாகச் சிதறிக் கிடக்கும். இயல்வாகை மஞ்சள் தூளாக விரிக்கும். டபேபுயா முழுப்பூவாகக் குழல் வடிவத்திலேயே விழும். வேப்பம்பூ தரையில் லேசில் தெரியாது. யாராவது மரத்தடியில் பழைய சேலையையோ பாயையோ விரித்து வைத்திருந்தால் புரிந்துகொள்ளுங்கள். சித்திரை முதல் நாள் பச்சடிக்கும் அதற்குப் பிந்தைய ரசத்துக்கும் அந்தப் பூவைச் சேகரிக்கிறார்கள்.

விழுந்த பூவைக் கையில் எடுத்துப் பாருங்கள். விறைப்பாக இருந்தால் மரம் இன்னும் பூக்கிறது. எல்லாமே வாடி, பழுப்பேறி, நடுவில் சின்னப் பிஞ்சும் கிடந்தால் பருவம் முடிகிறது என்று பொருள். முன்னது என்றால் நாளையும் வரலாம். பின்னது என்றால் இன்றே எடுத்துவிடுங்கள்.

பூ விரிப்பு வேண்டுமென்றால் தூய்மைப் பணியாளர்கள் பெருக்குவதற்கு முன்பே வந்தாக வேண்டும். பலர் ஏழரைக்கு வந்து, பெருக்கிக் குவித்த குப்பையில் பூவைப் பார்த்து வருத்தப்படுவார்கள். அந்த அக்காக்களிடம் பேசுங்கள். "எந்த மரம்க்கா இப்போ நிறையக் கொட்டுது?" என்று கேட்டால், எந்தச் செயலியும் சொல்லாத பதில் கிடைக்கும். தினமும் அந்தப் பூவை வாரி அள்ளுவது அவர்கள்தானே. எனக்குத் தெரிந்த நல்ல மரங்களில் பாதி, இப்படிக் கேட்டுத் தெரிந்தவைதான்.

5. பெயரைச் சரிபாருங்கள்

பெயர் தெரியாமலும் படம் எடுக்கலாம். ஆனால் பெயர் தெரிந்தால்தான் எப்போது திரும்பி வருவது, எந்தப் பக்கமிருந்து எடுப்பது என்று முடிவுசெய்ய முடியும். புதியவர்கள் குழம்பும் இடங்கள் சில உண்டு.

மஞ்சளாக எதைப் பார்த்தாலும் சரக்கொன்றை என்று சொல்லிவிடுகிறார்கள். சாலையோரத்தில் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் இயல்வாகை. கொத்து எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கவனியுங்கள். சரக்கொன்றைக் கொத்து சரமாகக் கீழே தொங்கும், பெயரிலேயே சரம் இருக்கிறது. இயல்வாகைக் கொத்து வானம் பார்த்து நிமிர்ந்து நிற்கும், மொட்டுகள் துருப்பிடித்த நிறத்தில் இருக்கும். இன்னும் சந்தேகமா, காயைப் பாருங்கள். சரக்கொன்றைக் காய் ஒரு முழ நீளத்துக்குக் கறுப்பு உருளையாகத் தொங்கும். இயல்வாகைக் காய் விரல் நீளத்தில் தட்டையாக, செம்பு நிறத்தில் கொத்துக்கொத்தாக இருக்கும்.

இந்த வேறுபாடு படத்துக்கு ஏன் முக்கியம்? தொங்கும் சரத்தை மரத்தின் அடியில் நின்று, சூரியனை எதிரே வைத்து எடுக்க வேண்டும், இதழ் வழியாக ஒளி ஊடுருவும். நிமிர்ந்த கொத்தைக் கீழே நின்று எடுத்தால் காம்பும் இலையும்தான் தெரியும். அதற்குப் பக்கத்து மாடியோ, மேம்பாலத்து நடைபாதையோ வேண்டும்.

பூ இல்லாத நேரத்தில் குல்மோகரும் இயல்வாகையும் குழப்பும், இரண்டுக்கும் இறகு போன்ற நுண்ணிலை. குல்மோகர் காய் வாள்போல நீண்டு கெட்டியாகத் தொங்கும். பூத்துவிட்டால் குழப்பமில்லை. நான்கு இதழ் சிவப்பாகவும், ஐந்தாவது வெள்ளை, மஞ்சள் கீற்றுகளோடு தனித்தும் நிற்கும். கிட்டத்தில் எடுப்பதானால் அந்த ஐந்தாவது இதழ் உங்களைப் பார்க்கும்படி நில்லுங்கள், இல்லாவிட்டால் வெறும் சிவப்புத்தான் மிஞ்சும்.

வாகையும் தூங்குமூஞ்சியும் இரண்டுமே பவுடர் பஞ்சு போன்ற பூ. வெளிர்பச்சை கலந்த வெண்மை என்றால் வாகை. இளஞ்சிவப்பு நுனி என்றால் தூங்குமூஞ்சி. வாகையின் உலர்ந்த நெற்றுகள் காற்றில் சலசலக்கும். தூங்குமூஞ்சிக்கு மட்டும் மாலையில் வாருங்கள். பொழுது சாயும்போது இலை மடிந்துகொள்ளும், அதுவரை மறைந்திருந்த பூ வெளியே தெரியும்.

பூவரசம்பூ காலையில் மஞ்சளாக விரிந்து மாலைக்குள் சிவக்கும். ஒரே மரத்தைக் காலையும் மாலையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எனக்கு மிகவும் பிடித்த பயிற்சி இது.

நாகலிங்கம் அடிமரத்திலேயே பூப்பதால் கண்மட்டத்தில் எடுக்கலாம். வாசம் பிடித்து அங்கேயே நின்றுவிடாதீர்கள். குண்டு குண்டான காய்கள் கனமானவை, சொல்லாமல் விழும். மேலே பார்த்துவிட்டு, காய்க்கு நேர் கீழே இல்லாமல் தள்ளி நில்லுங்கள்.

6. கேமராவை எடுக்காமல் மரத்தை ஒருமுறை சுற்றுங்கள்

இரண்டு நிமிடம் போதும். எந்தப் பக்கம் பூ அடர்த்தி, எந்தக் கிளை தாழ்ந்திருக்கிறது, பின்னால் என்ன இருக்கிறது, சூரியன் எங்கே. கேமரா கையில் இருந்தால் முதலில் கண்ணில் பட்ட கிளையையே முப்பது படம் எடுப்போம். நல்ல கிளை பெரும்பாலும் மரத்தின் மறுபக்கம் இருக்கும்.

7. நேரமும் காற்றும்

ஏப்ரலில் ஆறு மணிவாக்கில் விடியும், மே மாதம் ஐந்தேமுக்காலுக்கெல்லாம் சூரியன் வந்துவிடும். அதிலிருந்து ஒன்றரை மணி நேரம்தான் உங்களுக்கு. ஏப்ரல் கடைசி வாரத்தில் நண்பகல் சூரியன் சென்னைக்கு நேர் உச்சியில் நிற்கிறது. ஒளி செங்குத்தாக இறங்கும்போது பூவின் மேல்பகுதி வெளுத்து, அடிப்பகுதி கறுத்துவிடும். எந்தக் கேமராவாலும் அதைச் சரிசெய்ய முடியாது.

நமக்குக் கிழக்கே கடல். காசிமேடு, ராயபுரத்தில் கடலை நோக்கிப் போகும் தெருக்களில் காலைச் சூரியன் தெருவுக்குள் நேராக நுழையும். ஆறேகாலுக்கே வெளிச்சம் கிடைக்கும். திருவொற்றியூர் நெடுஞ்சாலைபோல் வடக்குத் தெற்காக ஓடும் சாலைகளில் கட்டடங்கள் மறைப்பதால் இன்னும் நேரமாகும். அங்கே மேற்குப் பக்கத்து மரங்கள்மேல் காலை வெயில் முகத்தில் விழும், நிறம் நன்றாக வரும். கிழக்குப் பக்கத்து மரங்கள் பின்னொளியில் நிற்கும், சரக்கொன்றைக்கு ஏற்றது அந்தப் பக்கம்.

காலையில் காற்று அடங்கியிருக்கும். முற்பகல் கடந்து கடற்காற்று எழும்பிவிட்டால் தொங்கும் சரம் ஒரு நொடி நிற்காது. கடற்கரையோரம் முதலில் வீசும், மாதவரம், கொளத்தூர்ப் பக்கம் வந்துசேரக் கொஞ்சம் பிந்தும். நேரம் தப்பிவிட்டால் உள்ளே தள்ளியிருக்கும் பூங்காவுக்குப் போங்கள்.

8. இப்போது கேமரா

முதலில் வெளிச்ச அளவு. திரையில் பூவைத் தொட்டுப் பிடித்து ஃபோகஸைப் பூட்டுங்கள், பிறகு விரலைக் கீழே இழுத்து வெளிச்சத்தைக் குறையுங்கள். மஞ்சளும் சிவப்பும் கேமராவில் எளிதில் நிரம்பி வழியும் நிறங்கள். கண்ணுக்குச் சரியாகத் தெரியும் வெளிச்சத்தில் எடுத்தால் இதழின் மடிப்பும் நரம்பும் காணாமல்போய், ஒட்டவைத்த வண்ணக் காகிதம் மாதிரி ஆகிவிடும். நான் முதல் ஆண்டு எடுத்த குல்மோகர்ப் படங்கள் முழுக்க அப்படித்தான் போயின. படம் கொஞ்சம் இருட்டாக இருந்தால் பிறகு கூட்டிக்கொள்ளலாம். வெளுத்துப்போனதை மீட்க முடியாது.

அடுத்தது பின்னணி. கோடையில் நம் வானம் நீலமாக இருப்பது அபூர்வம், ஈரமும் தூசியும் கலந்து பால்போல் வெளுத்திருக்கும். வெள்ளை வானத்தை வைத்துப் புங்கம்பூவையோ வேப்பம்பூவையோ எடுத்தால் பூவே தெரியாது. நிழலில் இருக்கும் சுவர், அடர்ந்த மாமரம், மூடிய கடைக்கதவு, எதுவாவது கருமையாகப் பின்னால் வரும்படி இரண்டடி நகருங்கள். வானம் வந்தே தீரும் என்றால் எதிர்வழியில் போங்கள். வெளிச்சத்தைக் கூட்டி வானத்தை முழு வெள்ளையாக விட்டுவிட்டால், காகிதத்தில் வரைந்ததுபோல் கிளை தனித்து நிற்கும். மொட்டைக் கிளையில் பூக்கும் டபேபுயாவுக்கு இது அருமையாகப் பொருந்தும்.

கேமராவில் எடுப்பவர்கள் ஷட்டர் வேகத்தை 1/500 நொடியிலோ அதைவிட வேகமாகவோ வையுங்கள், அசையும் கொத்துக்கு அது தேவை. நிறத்தைச் சமன்செய்யும் ஒயிட் பேலன்ஸை வெயில் குறியீட்டில் நிறுத்துங்கள். தானியங்கியில் விட்டால், மஞ்சள் நிறைந்த காட்சியைப் பார்த்துக் கேமரா நீலத்தைச் சேர்த்துப் பூவை மங்கலாக்கும். கைபேசிக்காரர்கள் போர்ட்ரெயிட் மோடை அணைத்துவிடுங்கள், மெல்லிய காம்புகளையும் கேசரங்களையும் பின்னணி என்று நினைத்து அது அழித்துவிடும்.

9. ஒரு மரத்துக்கு மூன்று தூரம்

முழு மரம், ஒரு கொத்து, ஒரு பூ. இந்த மூன்றும் இல்லாமல் நகராதீர்கள். முழு மரத்தை அகலக் கோணத்தில் கிட்டே நின்று எடுத்தால் மரம் பின்னால் சாய்ந்து சிறுத்துப்போகும். தெருவின் மறுமுனைக்குப் போய், ஜூம் செய்து எடுங்கள், மரத்தின் பருமன் அப்படியே வரும்.

ஒயர்கள்தான் நம் பகுதியின் பெரிய தலைவலி. மின்கம்பியும் கேபிளும் எல்லாக் கிளைக்கும் குறுக்கே போகும். மரத்தடிக்கே போய் நேராக மேலே பார்த்து எடுத்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம். தப்ப முடியாத இடத்தில் அவற்றைப் படத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். புங்கமரத்தடியில் நாலு பேர் கேரம் ஆடிக்கொண்டிருக்க, பலகைமேல் பூ விழுந்துகொண்டிருக்கும் தெருவில் ஒயரை மட்டும் அழித்தால் அது நம் தெருவாக இருக்காது. வெறும் பூவைவிட இப்படிப் படங்கள்தான் எனக்குப் பெரிதாகத் தோன்றுகின்றன.

10. மனிதர்களிடமும் மரத்திடமும்

ஆடுகிறவர்களிடம் முதலில் பேசுங்கள், பிறகு எடுங்கள். "அண்ணா, மரத்தோட சேர்த்து எடுத்துக்கட்டுமா?" என்றால் மறுப்பவர்கள் குறைவு. மறுத்தால் விட்டுவிடுங்கள். நடைப்பயிற்சிக்கு வரும் பெண்கள் பக்கமும், விளையாடும் குழந்தைகள் பக்கமும் லென்ஸைத் திருப்பாதீர்கள். ஒரு பூங்காவில் புதியவர் ஒருவர் இதைக் கவனிக்காமல் எடுத்ததால், அந்த மாதம் முழுக்க யாரையும் கேமராவோடு உள்ளே விடவில்லை.

பூ மழை வேண்டும் என்று கிளையை உலுக்காதீர்கள். உதிர்வது பிஞ்சாக வேண்டிய பூ. குல்மோகரும் இயல்வாகையும் கிளை முறியும் மரங்கள். 2016 டிசம்பரில் வர்தா புயலில் சாய்ந்த மரங்களின் இடம் இன்னும் பல தெருக்களில் வெறுமையாகவே இருக்கிறது. கோடை மழையும் காற்றும் அடித்த மறுநாள் குல்மோகர், இயல்வாகை மரங்களின் அடியில் நிற்க வேண்டாம்.

11. வீடு திரும்பியதும்

அன்றைக்கே நோட்டில் எழுதுங்கள். தேதி, தெரு, எந்தக் கம்பத்துக்கு அல்லது கடைக்கு எதிரே, என்ன மரம், மொட்டா பூவா உதிர்வா, வெயில் எத்தனை மணிக்கு அந்தக் கிளைக்கு வந்தது. கைபேசிப் படத்தில் தேதி இருக்கும்தான். ஆனால் "ஆறு நாற்பதுக்குத்தான் எதிர்வீட்டு நிழல் விலகியது" என்பது அதில் இருக்காது.

படங்களில் ஒரு தூரத்துக்கு ஒன்று வீதம் மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றதை அழித்துவிடுங்கள். மொட்டு நிலையில் பார்த்த மரங்களுக்கு நோட்டில் நட்சத்திரக் குறி போடுங்கள். நான்கைந்து நாள் கழித்து, அதே தெருவுக்கு, அதே நேரத்துக்கு மறுபடியும் போக வேண்டியது அவற்றுக்காகத்தான்.